கண்புரை முகாமுக்காகப் பிரியாணி விற்று நிதி திரட்டலாமா? கணக்கு, சமையல், முகாம் ஏற்பாடு பற்றி யோசனை வேண்டும்

குழித்துறை ஆற்றோரம்:

அண்ணன்மாருக்கு வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு லயன்ஸ் சங்கத்தில் இந்த ஜூலையில் இருந்து பொருளாளர் பொறுப்பு என்னிடம். உறுப்பினர் 28 பேர். பிப்ரவரி கடைசியில் கண்புரை முகாம் நடத்தத் தீர்மானம் போட்டாச்சு. அறுவை சிகிச்சையை மருத்துவமனை இலவசமாகச் செய்யும். விளம்பரம், பந்தல், சாப்பாடு, வெள்ளெழுத்துக் கண்ணாடி, ஒரு மாதம் கழிஞ்சு வரும் மறுபரிசோதனை எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. 25,000 முதல் 30,000 ரூபாய் வரை வேண்டும்.

கூட்டத்தில் மூன்று யோசனை வந்தது. டிசம்பர் இரண்டாவது ஞாயிறு 500 பொட்டலம் கோழிப் பிரியாணி விற்பது ஒன்று. 50 ரூபாய்க்குக் குலுக்கல் சீட்டு அடித்து முதல் பரிசாகப் பிரிட்ஜ் கொடுப்பது இரண்டாவது. துபாய், குவைத்தில் இருக்கும் நம்ம ஊர்ப் பையன்களிடம் கேட்பது மூன்றாவது. எது சரிவரும்? எதில் சிக்கல்? பிரியாணி என்றால் அரிசி, கோழி எவ்வளவு, எத்தனை மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்ற அளவுக்கு விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்குளம் கணக்கு:

குலுக்கல் சீட்டை இன்றைக்கே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. காசு வாங்கிச் சீட்டுக் கொடுத்துப் பரிசு தரும் திட்டங்களைத் தடுக்க 1979-லேயே தனிச் சட்டமும் வந்துவிட்டது. களியக்காவிளை தாண்டினால் கடைக்குக் கடை லாட்டரி தொங்குவதைப் பார்த்துப் பழகியதால் இங்கே இது தப்பாகவே தெரிவதில்லை. அங்கே விற்பது கேரள அரசு. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சேவைச் சங்கம் அதைச் செய்தால் சீட்டு அடித்த அச்சகம் முதல் கையெழுத்துப் போட்ட பொருளாளர் வரை மாட்டுவார்கள். "நன்கொடைக் கூப்பன்" என்று பெயர் மாற்றி அடித்தாலும், அந்த எண்ணை வைத்துக் குலுக்கினால் விஷயம் அதேதான்.

அடுத்தது வங்கிக் கணக்கு. லயன்ஸில் நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. உறுப்பினர் சந்தா நிர்வாகத்துக்கு. பொதுமக்களிடம் திரட்டியது முழுக்கச் சேவைக்கு. பிரியாணி விற்ற பணத்தில் இருந்து கூட்டத்துச் சாயா, லயன்ஸ் மாவட்ட ஆளுநர் வருகைக்குச் சால்வை என்று ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. பிரியாணிக்கு ஆன நேரடிச் செலவைக் கழிக்கலாம், அதற்கு மேல் இல்லை. பெரும்பாலான சங்கங்களில் தகராறு ஆரம்பிக்கும் இடம் இதுதான். யாரும் திருடியிருக்க மாட்டார்கள். இரண்டு பணமும் ஒரே கணக்கில் கிடக்கும், மார்ச் மாதம் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

மார்ச் என்றதும் இன்னொன்று. சங்க ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை, வருமானவரிக்கான ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. நடுவில் பொருளாளர் மாறுவார். போன ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான ரசீது, பில் எல்லாம் பழைய பொருளாளரின் வீட்டு அலமாரியில் கிடக்கும். அந்த மூன்று மாதக் காகிதத்தை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். தணிக்கைக்கு உட்காரும்போது தேடினால் கிடைக்காது.

க்யூஆர் அட்டை சங்கத்தின் சேவைக் கணக்குக்கு எடுங்கள். அவசரத்துக்கு என்று செயலாளரின் சொந்த ஜிபே எண்ணைச் சுவரொட்டியில் போடாதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் பணம் அவருடைய வருமானமாகத் தெரியும், கூடவே வீட்டு மளிகைப் பணமும் கலந்துபோகும். ரொக்கம் வந்தால் அன்றைக்கு இரவே இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, மறுநாள் வங்கியில் கட்டுங்கள். அந்த ரொக்கத்தில் இருந்தே கோழிக்கடைக்குக் கொடுப்பது எளிதாகத் தெரியும், செய்யாதீர்கள். வரவு முழுவதும் வங்கிக்குப் போகட்டும், செலவு காசோலையாகவோ கணக்கு வழியாகவோ போகட்டும்.

வளைகுடாப் பையன்கள் விஷயத்தில், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் தந்தால், அவர் நம்ம ஊர்க்காரர்தான், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருக்கிறது என்றாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கவே கூடாது. அங்கே பத்துப் பேர் சேர்ந்து வசூலித்து ஒருவர் பெயரில் மொத்தமாக அனுப்புவதும் வேண்டாம். ஆளாளுக்குத் தனியாக, அவரவர் கணக்கில் இருந்து வரட்டும்.

நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்க 80ஜி ரசீது கேட்பார்கள். சங்கத்துக்கோ அதன் அறக்கட்டளைக்கோ அந்தப் பதிவு இருந்தால் மட்டும் சரி என்று சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிக்கழிவு கிடைக்காது. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் கொடையாளர் விவரத்தை வருமானவரித் தளத்தில் ஏற்றினால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் இறங்கும், அதற்குப் பான் எண் வேண்டும். பணம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், மே மாதம் போன் போட்டால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். பிரியாணி வாங்கியவருக்கு 80ஜி ரசீது கிடையாது. அவர் கொடுத்தது விலை, நன்கொடை இல்லை. ஆண்டு மலருக்கு விளம்பரம் கொடுத்தவருக்கும் அப்படித்தான்.

கடைசியாக, அறிவிப்பிலேயே "முகாம் செலவு போக மிஞ்சும் தொகை சங்கத்தின் கண் சார்ந்த பணிகளுக்கே" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மிச்சம் வந்தால் அப்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

திருவிதாங்கோடு அடுப்படி:

தம்பி, டிசம்பர் வேண்டாம். கார்த்திகை ஒன்று முதல் மகரவிளக்கு வரை மாலை போட்ட வீடுகளில் இறைச்சி கிடையாது. பிப்ரவரியில் சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா. தை பிறந்த பிறகு வரும் இரண்டு ஞாயிறுகள்தான் நம்ம மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் கோழி ஓடும் ஞாயிறு. ஜனவரி கடைசி ஞாயிறைப் பிடியுங்கள். முகாமுக்கும் ஒரு மாதம் இடைவெளி கிடைக்கும்.

கோழியை ஹலாலாக அறுக்கும் கடையில் எடுத்து, அதைக் கூப்பனிலேயே எழுதுங்கள். தக்கலை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஆர்டர் கூடும், மற்றவர்களுக்கும் அதில் தடை ஒன்றும் இல்லை.

500 பொட்டலத்துக்கு அளவு இது. ஒரு பொட்டலத்துக்கு 125 கிராம் அரிசி, 150 கிராம் பச்சைக் கோழி. ஆக அரிசி 63 கிலோ, உரித்த கோழி 75 கிலோ. 75 கிராம் துண்டாக வெட்டச் சொல்லுங்கள், ஆளுக்கு இரண்டு துண்டு. 1,200 கிராம் உரித்த கோழி என்றால் 16 துண்டு. கடைக்காரரிடம் எடையை மட்டும் சொன்னால் போதாது, துண்டுக் கணக்கைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கழுத்தும் முதுகும் ஒருத்தருக்கு, தொடை இன்னொருத்தருக்கு என்று போய், மறுநாள் பூரா போன் வரும். வெங்காயம் 38 கிலோ, தக்காளி 15 கிலோ, எண்ணெயும் நெய்யும் சேர்த்து 9 லிட்டர். முட்டை 500 தேவை, உடைவது போக 520 வாங்குங்கள்.

அரிசி சீரகச்சம்பா. ஒரே மூட்டை வகையாக 63 கிலோவும் வாங்குங்கள். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்தால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். பழைய சீரகச்சம்பாவுக்கு ஒரு படிக்கு ஒன்றரைப் படி தண்ணீர், 20 நிமிடம் ஊற வைத்தது போதும். புது அரிசி என்றால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். முந்தின நாள் கால் கிலோ வேகவைத்துப் பாருங்கள்.

கோழியை முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைக்காதீர்கள். 75 கிலோவுக்குக் குளிர்பெட்டி எந்த வீட்டிலும் இருக்காது. நடுவில் உள்ள கோழி குளிரவே குளிராது, நாற்றம் அங்கிருந்துதான் கிளம்பும். அதிகாலை 4 மணிக்கு வெட்டி 5 மணிக்கு வந்து சேரட்டும்.

மூன்று அண்டா, ஒவ்வொன்றிலும் 21 கிலோ அரிசி. கோழி மசாலாவைத் தனியாக வைத்து, சோற்றைத் தனியாகத் தம் போடுவதுதான் பொட்டலத்துக்கு ஏற்றது. ஒன்றாகக் கலந்து தம் போட்டால் ருசி கூடும் என்பது உண்மைதான், ஆனால் கரண்டியில் எத்தனை துண்டு வருகிறது என்று எண்ண முடியாது. அடுப்பை ஒரே நேரத்தில் பற்றவைக்காதீர்கள். முதல் அண்டா 10 மணிக்கும், இரண்டாவது 10.30-க்கும், மூன்றாவது 11-க்கும் திறக்கிற மாதிரி அரை மணிக்கூர் இடைவெளி விடுங்கள். ஓர் அண்டாவில் 168 பொட்டலம். நிமிடத்துக்கு ஆறு கட்டினால் 28 நிமிடத்தில் காலியாகும், அடுத்தது திறக்கும். மூன்றையும் சேர்த்துத் திறந்தால் கடைசி அண்டா சொந்தச் சூட்டிலேயே வெந்து களியாகிவிடும். தம்முக்கு மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல் போடுங்கள். விறகுக் கனலைவிடச் சீராக நிற்கும், நம்ம ஊரில் சிரட்டைக்கா பஞ்சம்?

கட்டுவதற்கு 12 பேர் வேண்டும். அலுமினியப் பெட்டி பிரித்து வைக்க இரண்டு பேர், வாழையிலைத் துண்டும் கோழியும் வைக்க இரண்டு பேர், முட்டைக்கு ஒருவர், சோற்றுக்கு மூன்று பேர், ஊறுகாய்க்கு ஒருவர், மூடி மடக்க இரண்டு பேர், எண்ணிப் பெட்டியில் அடுக்க ஒருவர். சோறு அள்ளும் மூன்று பேருக்கும் ஒரே அளவுக் கிண்ணம். முதல் இருபது பொட்டலத்தைத் தராசில் வையுங்கள், சோறும் கோழியும் சேர்ந்து அரைக் கிலோ சுமார் நிற்க வேண்டும். கிண்ணத்துக்கு மேல் கூம்பாக அள்ளினால் 500-க்குப் போட்ட சோறு 430-லேயே முடிந்துவிடும். பணம் கட்டிய 70 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள்.

தயிர்ப் பச்சடி வேண்டாம். உச்சி வெயிலில் சூடான பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் அதுதான் முதலில் கெடும். நாரத்தங்காய் ஊறுகாய் போதும். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் கைப்பை, பிளாஸ்டிக் தாள் எதுவும் எடுக்காதீர்கள். காகித மூடி போட்ட அலுமினியப் பெட்டி எடுங்கள். மூடிமேல் "மதியம் 2 மணிக்குள் சாப்பிடவும்" என்று முத்திரை குத்துங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு உள்ள சமையல்காரரை வைத்தே செய்யுங்கள், பதிவு எண்ணும் மூடிமேல் இருக்கட்டும்.

பணம் கட்டாத ஆர்டரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். 28 பேர், ஆளுக்கு 18 கூப்பன், மொத்தம் 504. எண் போட்டு, அடிக்கட்டையோடு அச்சடியுங்கள். புதன் இரவோடு விற்பனையை நிறுத்தி, வியாழன் காலை அந்த எண்ணுக்குச் சாமான் வாங்குங்கள். அடக்கவிலை 95 ரூபாய் வந்தால், 150-க்கு விற்று 500-ல் 27,500 மிஞ்சும். இந்த 95-ல் கோழி மட்டும் 36 ரூபாய் வரும் என்பதால், கோழி விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் மொத்தத்தில் 1,500 போய்விடும். ஒரு அரிசிக்கடைக்காரரை அரிசி தரச் சம்மதிக்க வைத்தால் அதை அப்படியே ஈடுகட்டலாம்.

வேளிமலை:

முகாம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதானே முக்கியம்.

லயன்ஸ் கண் சேவையில் இறங்கியது 1925-ல் ஹெலன் கெல்லர் அவர்கள் மாநாட்டில் வந்து கேட்டுக்கொண்ட பிறகு. நூறு வருடப் பழக்கம் என்பதால் பல சங்கங்கள் சம்பிரதாயமாக நடத்தி, பேனர் கட்டிப் படம் எடுத்து முடித்துவிடுகின்றன. பார்வை திரும்பக் கிடைப்பது படம் எடுக்கும் அன்றைக்கு இல்லை.

திருநெல்வேலி அரவிந்த் மாதிரியான மருத்துவமனைகளில் முகாமுக்கென்றே தனிப் பிரிவு இருக்கும். இரண்டு மாதம் முன்பே எழுதித் தேதி வாங்குங்கள். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும். முகாம் இடத்தில் பரிசோதனை மட்டும்தான் நடக்கும். அறுவை சிகிச்சை மருத்துவமனையில் நடக்கும். புரை முற்றியவர்களை அன்றைக்கே பேருந்தில் கூட்டிப்போவார்கள், பெரும்பாலும் மூன்றாவது நாள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இதை நோட்டீசில் கொட்டை எழுத்தில் போடாததால்தான் பாதிப் பேர் பேருந்தில் ஏற மாட்டேன் என்கிறார்கள். மாற்றுத்துணி எடுத்து வரவில்லை, வீட்டில் சொல்லவில்லை, ஆட்டுக்குத் தழை போட ஆள் இல்லை என்று காரணம் வரும். "இரண்டு இரவு தங்க வேண்டிவரும். இரண்டு செட் துணி, ஆதார் நகல், வீட்டில் ஒருவரின் போன் எண், சாப்பிடும் மாத்திரையும் சீட்டும் கொண்டு வரவும்" என்று அச்சடியுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் அன்றைக்கு எடுத்துப்போக மாட்டார்கள். ரத்தம் எடுப்பார்கள் என்று பட்டினியாகவும், மாத்திரை போடாமலும் வருவது வழக்கம், அதனால்தான் அழுத்தம் எகிறும். காலையில் வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு வரச் சொல்லுங்கள். முகாமுக்குப் பத்து நாள் முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

இடத்தைத் தரைத்தளத்தில் பாருங்கள். பார்வை அட்டைக்கு 6 மீட்டர் நேர்தூரம் வேண்டும், குறுக்கே தூண் இருக்கக் கூடாது. டாக்டர் உட்காரும் அறையை இருட்டாக்க முடிய வேண்டும், பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். பதிவு மேசை ஒன்று போட்டு வரிசை வாசலைத் தாண்டிப் போவது எல்லா முகாமிலும் நடக்கும் தப்பு. மூன்று மேசை போடுங்கள், முகவரியோடு வார்டு எண்ணையும் எழுதுங்கள். மறுபரிசோதனைக்கு ஆளைத் தேடும்போது அதுதான் கைகொடுக்கும். பள்ளிக்கூடம் எடுக்கிறீர்கள் என்றால் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு இருக்கும், ஞாயிறு சாவி கிடைக்குமா என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் பிப்ரவரி எடுத்தது சரி. ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம், பல தோட்டங்களில் பால் வெட்டு நிற்கும். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கத்து வெட்டுத் தொழிலாளிகள் அப்போது ஓய்வாக இருப்பார்கள், வயதானவர்களைக் கூட்டிவர வீட்டில் ஆள் இருக்கும். மைக் கட்டி ஆட்டோவில் அறிவிக்கக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். அதைவிட வேலை செய்வது ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை சொல்லும் ஒரு வரி, கோயிலிலும் பள்ளிவாசலிலும் வைக்கும் நோட்டீஸ், வீட்டுக்கு வீடு போகும் ஆஷா பணியாளர்.

குழித்துறை ஆற்றோரம்:

ரொம்ப நன்றி அண்ணே. ஜனவரி கடைசி ஞாயிறுக்கு மாற்றச் சொல்கிறேன், குலுக்கல் சீட்டும் கிடையாது. இரண்டு சந்தேகம். வெள்ளெழுத்துக் கண்ணாடி எந்தப் பவரில் எத்தனை எடுப்பது? அன்றைக்கே ரத்ததான முகாமும் சேர்த்து வைத்தால் ஒரு பந்தல் செலவு மிச்சம் என்கிறார் தலைவர். சரியா?

இனயம் கரை:

சேர்த்து வைக்காதீர்கள் மக்கா. கண் முகாமுக்கு வருவது 60 தாண்டினவர்கள். ரத்தம் கொடுக்க வேண்டியது 18 முதல் 65 வயதுக்குள், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 உள்ளவர்கள். கூட்டமும் வேறு, தேவையான இடமும் வேறு. கொடுத்தவர் படுத்து எழுந்து கால் மணிக்கூர் உட்கார இடம் வேண்டும், அதே வராந்தாவில் கண்ணுக்கு மருந்து விட்ட பாட்டிமாரை உட்கார வைக்க முடியாது.

நேரமும் வேறு. முழு ரத்தம் 35 நாள்தான் தாங்கும், தட்டணுக்கள் 5 நாள். தேசிய ரத்த தான நாளான அக்டோபர் ஒன்றாம் தேதியை ஒட்டி எல்லாச் சங்கமும் முகாம் போட்டு ஒரே வாரத்தில் குவித்துவிடும். கல்லூரி அடைத்திருக்கும் ஏப்ரல், மே மாதம் ஆள் கிடைக்காது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். தூத்தூர் முதல் நீரோடி வரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் ஆண்கள் அப்போதுதான் கரையில் இருப்பார்கள். ஜூன் 14 உலக ரத்த தான நாள், அதை ஒட்டிய ஞாயிறு பூசைக்குப் பிறகு 10 மணிக்கு வையுங்கள். தேதி போடும் முன் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ரத்த வங்கியில் எத்தனை யூனிட் எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். அவர்கள் 60 என்றால் 60-ஓடு நிறுத்துங்கள், மீதிப் பேர் பெயரையும் ரத்த வகையையும் எழுதி வையுங்கள். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம் என்பதால் அந்தப் பட்டியல் ஆடி, ஆவணியில் உதவும்.

வேளிமலை:

கண்ணாடி 100 எடுக்கிறீர்கள் என்றால் +1.00-ல் 10, +1.50-ல் 25, +2.00-ல் 30, +2.50-ல் 30, +3.00-ல் 5 எடுங்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு +1.00, ஐம்பதை ஒட்டி +1.50 அல்லது +2.00, அறுபதுக்கு +2.50 என்று சுமாராக வரும். ஆனால் வயதைக் கேட்டு எடுத்துக் கொடுக்காதீர்கள், பரிசோதித்து எழுதிய சீட்டைப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு என்றால் ஆயத்தக் கண்ணாடி ஆகாது, அவர் பெயரைத் தனியாக எழுதிச் செய்து கொடுக்கப் பணம் ஒதுக்குங்கள். வீடுகளில் இருந்து பழைய கண்ணாடி சேகரித்துக் கொடுப்பது வேண்டாம், பவர் யாருக்கும் பொருந்தாது.

27,500-ல் 8,000 ரூபாயை மறுபரிசோதனைக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் அதே இடத்தில் பார்த்து, கண்ணாடி தேவைப்பட்டால் எழுதுவார்கள். வராதவர்கள் பெரும்பாலும் மலைப்பக்கத்து ஆட்கள், பேச்சிப்பாறைக்கு மேலே இருந்து தனியாகப் பேருந்து பிடித்து வர முடியாதவர்கள். அவர்களுக்கு அன்றைக்கு இரண்டு ஜீப் ஏற்பாடு செய்யுங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட ஒரு உறுப்பினருக்கு ஐந்து பெயர் என்று பிரித்துக் கொடுங்கள். இதற்கிடையில் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ மறுபரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும், கூப்பிட வேண்டிய எண்ணையும், பேருந்தில் ஏற்றும்போதே ஆளுக்கு ஒரு சீட்டாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.